தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி, நாய்க்குட்டி வாங்குவது பற்றித்தான் இருக்கும். விடுமுறை முடிவதற்குள் அந்தக் குட்டிகளில் சில என் கிளினிக் மேஜையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் இந்த முறை வாங்குவதற்கு முன்பே கேட்டவர்களின் கேள்விகளை எடுத்திருக்கிறேன், கடைசி ஒன்றைத் தவிர.

கேள்வி: ஆன்லைன் விளம்பரத்தில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டி பார்த்தோம், 35 நாள் ஆகிறதாம். அட்வான்ஸ் அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம். இன்றைக்கே அனுப்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்கிறார்கள். அனுப்பலாமா டாக்டர்? (மேடவாக்கம்)

பதில்: அனுப்பாதீர்கள். 35 நாள் குட்டி இன்னும் தாயோடு இருக்க வேண்டிய குட்டி. மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைக்கும்தான் ஒரு குட்டி தன் கூடப் பிறந்ததைக் கடித்து, அது கத்தியதும் விட்டு, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. அந்த மூன்று வாரத்தைப் பறித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "கையெல்லாம் கடித்துக் குதறுகிறது" என்று என்னிடம் வருகிறார்கள்.

தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைய ஆரம்பிக்கும் நேரமும் இதுதான். தடுப்பூசி இன்னும் சரியாக வேலை செய்யாது, தாய் கொடுத்ததும் தீர்ந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் குட்டியை ஒரு கூடையில் போட்டு பைக்கிலோ பஸ்ஸிலோ ஊர் மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. 60 நாள் என்று சொல்லி 35 நாள் குட்டியைக் கொடுப்பவர்களும் உண்டு. வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் வந்திருக்கும். முன்னால் அரிசி மாதிரி நாலைந்து பல் மட்டும் எட்டிப் பார்த்து, பின்பக்கம் ஈறு வெறுமையாக இருந்தால் அந்தக் குட்டிக்கு 60 நாள் ஆகவில்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நாய் வளர்த்ததில்லை. வரும் ஞாயிறு ஒரு பிரீடர் வீட்டுக்குப் போகிறோம், லேப்ரடார் குட்டி. என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. (அம்பத்தூர்)

பதில்: போனதும் குட்டியைக் கையில் வாங்காதீர்கள், வாங்கினால் முடிந்தது கதை, அப்புறம் கண் எதையும் பார்க்காது. முதலில் தாயைக் கேளுங்கள். "தாய் வேறு வீட்டில் இருக்கிறது", "புது ஆளைப் பார்த்தால் கடிக்கும்", "வாக்கிங் போயிருக்கிறது" என்று எந்தப் பதில் வந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தந்தை வேறு ஊரில் இருக்கலாம், அது சகஜம். தாய் இல்லாமல் குட்டி இருந்தால் அது வேறெங்கோ பிறந்து இங்கே விற்பனைக்கு வந்தது என்றுதான் அர்த்தம்.

தாய் என்று ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சும்மா தலையாட்டாதீர்கள். இரண்டு மாதம் ஏழெட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்த நாய் பார்க்கப் பளபளவென்று இருக்காது. கொஞ்சம் இளைத்திருக்கும், முடி கொட்டியிருக்கும், முலைக்காம்புகள் நீண்டு தொங்கும். குட்டிகளை அவிழ்த்து விட்டால் வாலை ஆட்டிக்கொண்டு நேராக அதன் வயிற்றுக்கடியில்தான் போய் முட்டும், அதுவும் உறுமி விலகும், சில சமயம் படுத்துக் கொடுக்கும். வயிறு இறுகி, காம்பு சின்னதாக இருக்கிற, குட்டிகள் கண்டுகொள்ளாத ஒரு நாயை "இதுதான் மதர்" என்று காட்டினால் நம்பாதீர்கள். அந்தத் தாய் உங்களைப் பார்த்து மூலையில் ஒடுங்குகிறதா, முறைக்கிறதா, கிட்ட வந்து மோந்து பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். பயந்த தாயின் பயத்தைக் குட்டிகள் பார்த்தே வளர்ந்திருக்கும்.

அதன் வயது என்ன, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது என்று கேளுங்கள். 18 மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வயதைத் தாண்டக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது. நல்ல பிரீடர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், நோட்டை எடுத்துத் தேதியைக் காட்டுவார். அவர் உங்களையும் கேட்பார்: சொந்த வீடா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள் என்று. "முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொண்டுவாருங்கள், வெளியே கொடுத்துவிடாதீர்கள்" என்று ஒருவர் சொன்னால் அவர் போன் நம்பரைப் பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள்.

இடத்தைப் பாருங்கள். எட்டுக் குட்டி இருக்கும் இடத்தில் மூத்திர வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது தப்பில்லை. ஆனால் நாலைந்து இனக் குட்டிகள் கூண்டு கூண்டாக இருந்தால் அது வீடு இல்லை, கடை. அப்புறம் குட்டி. தூங்கி எழுந்த நேரமாகப் போங்கள். மூக்கிலும் கண்ணிலும் சளி வரக் கூடாது, ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வாலைத் தூக்கிப் பாருங்கள், சுற்றியுள்ள முடியில் கழிச்சல் ஒட்டியிருந்தால் வேண்டாம். உடம்பு இளைத்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் புழு. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள், சென்னையில் உண்ணிக் காய்ச்சல் எத்தனை நாய்களைக் கொண்டுபோகிறது என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். தொப்புளில் மெத்தென்று உருண்டை தட்டுப்பட்டால் அது ஹெர்னியா, சின்னதாக இருந்தால் பயம் இல்லை, டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்.

தடுப்பூசி அட்டையில் டிக் மட்டும் போட்டிருந்தால் போதாது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 45 நாள் குட்டிக்கு வெறிநாய் ஊசியும் போட்டாகிவிட்டது என்று எழுதியிருந்தால் அந்த அட்டையையே சந்தேகப்படுங்கள், அது மூன்று மாதம் ஆனபின் போடுவது.

கேள்வி: கேசிஐ பேப்பர் இருக்கிறது, சாம்பியன் லைன், டபுள் போன் என்று சொல்லி விலை கூடக் கேட்கிறார்கள். பேப்பர் இருந்தால் குட்டி ஆரோக்கியம்தானே? (கொளத்தூர்)

பதில்: இல்லை. கேசிஐ என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நம்ம ஊரில்தான் இருக்கிறது. அது கொடுக்கும் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைச் சொல்லும், அவ்வளவுதான். இடுப்பு நன்றாக இருக்கிறதா, கண் நன்றாக இருக்கிறதா என்று அதில் இருக்காது. அதற்காகப் பேப்பரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் முன்னோர் பெயர்கள் இருக்குமே, அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குட்டியின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண்ணை அதில் போட்டிருந்தால் டாக்டரிடம் போய் ஸ்கேனரில் படித்து அதே எண்தானா என்று சரிபாருங்கள்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கோல்டன் என்றால் நீங்கள் கேட்க வேண்டியது தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே. இரண்டு வயதுக்குமேல் எடுத்ததாக இருந்தால் நம்பலாம். இங்கே அதை எடுத்து வைத்திருக்கும் பிரீடர்கள் குறைவு, ஆனாலும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆள் வருவதற்குள் எடுத்து வைப்பார்கள். "டபுள் போன்" என்று ஒரு எலும்பும் கிடையாது. தடித்த காலைப் பார்த்து வாங்கிய குட்டி இரண்டு வயதில் படியேற முடியாமல் உட்கார்ந்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஃப்ளாட்டில் இருக்கிறோம், ஏசி உண்டு. ஹஸ்கி வளர்க்கலாமா? இல்லாவிட்டால் பக்? (பெருங்குடி)

பதில்: ஹஸ்கி வேண்டாம், அது பனிப் பிரதேசத்து நாய். நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது. சென்னையில் வெயில் ஒரு பக்கம், கடல் புழுக்கம் இன்னொரு பக்கம். கத்திரி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் யோசியுங்கள். மைல்கணக்கில் ஓடப் பிறந்த நாயை ஒரு ஏசி அறைக்குள் பூட்டி வைப்பதும் நியாயம் இல்லை.

பக் சப்பை மூக்கு நாய், அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். கீறல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால், விளையாடும்போது கொர் கொர் என்று சத்தம் வந்தால், அந்தக் குட்டிக்கு வாழ்நாள் முழுக்க மூச்சு ஒரு போராட்டம்தான். மூக்கு கொஞ்சம் நீண்ட குட்டி "ஷோ குவாலிட்டி இல்லை" என்பார்கள். அதையே வாங்குங்கள்.

கேள்வி: என் மகன் நம்ம நாட்டு நாய்தான் வேண்டும் என்கிறான், ராஜபாளையம். காது கேட்காத குட்டி வரும் என்று பயமுறுத்துகிறார்கள், நிஜமா சார்? எங்கே வாங்குவது? (திருவொற்றியூர்)

பதில்: உங்கள் மகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பயமுறுத்துவதில் உண்மை இருக்கிறது. முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. உடம்பில் நிறமி இல்லாமல் போகும்போது உள்காதிலும் அந்த நிறமிச் செல்கள் இல்லாமல் போய்விடுகின்றன, அதனால் கேட்கும் நரம்புமுனைகள் பிறந்த சில வாரத்திலேயே அழிந்துவிடுகின்றன. கூடப் பிறந்தவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் பின்னாலேயே ஓடும், அதனால் கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது. குட்டியைத் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோய், தூங்க விட்டு, அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தரையில் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும், கேட்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். கை தட்டும்போது காற்று மேலே படாத தூரத்தில் நில்லுங்கள். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் பிடிபடாது, ஆனால் அப்படிப்பட்ட நாய் வீட்டில் நன்றாகவே வாழும்.

முன்பு சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு இருந்தது, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் அங்கே வளர்த்தார்கள், இப்போது அதை நம்பி இருக்க முடியாது. ராஜபாளையம் வளர்ப்பவர்களிடமே நேரில் போய் விசாரியுங்கள், குட்டி இல்லாவிட்டாலும் வளர்ந்த நாயை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். இது ஓடும் நாய், ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் நாய், புது ஆளை எளிதில் சேர்க்காது. காலையும் மாலையும் மகன் கூட்டிக்கொண்டு போவானா என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வாரச் சந்தையில் ஒரு குட்டி கூண்டுக்குள் சோர்ந்து படுத்திருந்தது. மனசு கேட்கவில்லை. வாங்கிக் காப்பாற்றினால் புண்ணியம்தானே? (பல்லாவரம்)

பதில்: உங்கள் மனசு எனக்குப் புரிகிறதம்மா, நானும் அதைச் செய்தவன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தையில், வெயிலில், நாக்குத் தொங்க உட்கார்ந்திருந்த வெள்ளைப் பொமரேனியன் குட்டியைப் பாவம் பார்த்து வாங்கினேன், அந்த மாத மெஸ் பணத்தில். இரண்டாவது வாரம் கண்ணில் பீளை, அப்புறம் இருமல். ஒரு ராத்திரி தாடை தானாக அடிக்க ஆரம்பித்தது, வெற்று வாயில் எதையோ மெல்லுவது மாதிரி. டிஸ்டெம்பர், நாயின் மூளை வரை போகும் வைரஸ் நோய். புத்தகத்தில் படித்ததை என் மடியிலேயே பார்த்தேன். அது போனபின் ஒரு வாரம் கழித்து அந்தச் சந்தைக்குப் போனேன். அதே கூண்டில் இன்னொரு வெள்ளைக் குட்டி.

நான் கொடுத்த காசில்தான் அது வந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு சந்தையில் வாங்கச் சொல்லி யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு இருக்கிறது, காசு கொடுத்து இன்னொரு கூண்டை நிரப்பாமல் அங்கே போய் ஒரு நாட்டுக் குட்டியைத் தத்தெடுங்கள்.

கேள்வி: வாங்கி ஐந்தாவது நாள் எங்கள் குட்டி பார்வோவில் இறந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் அழுகிறார்கள். பிரீடர் வேறு குட்டி தருகிறேன் என்கிறார். உடனே வாங்கலாமா? (தாம்பரம்)

பதில்: வேண்டாம், அவரிடமிருந்தும் வேண்டாம், உடனேயும் வேண்டாம். பார்வோ கிருமி உள்ளே போய் வாந்தி, ரத்தக் கழிச்சல் வருவதற்கு மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. ஐந்தாவது நாளே இறந்தது என்றால் பெரும்பாலும் அங்கிருந்தே கொண்டுவந்திருக்கிறது, மற்ற குட்டிகளுக்கும் பரவியிருக்கும். அதை அவரிடம் சொல்லுங்கள், மீதிக் குட்டிகளை வாங்கியவர்களுக்குத் தகவல் போகட்டும். நீங்கள் ஏதோ தவறாகக் கொடுத்ததால் இறந்தது என்று வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் அந்தக் கிருமி இப்போது இருக்கிறது. மண்ணில், நிழலான மூலையில் மாதக்கணக்கில், ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது. முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்துவிட்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் தரை ஈரமாக நிற்கும்படி விட்டுக் கழுவுங்கள். பினாயிலோடு கலந்துவிடாதீர்கள், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். படுக்கை, துணி, சாப்பிட்ட பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். தோட்ட மண்ணை பிளீச் போட்டுச் சுத்தம் செய்ய முடியாது, நல்ல வெயில் பட விடுங்கள்.

அடுத்தது எப்போது வந்தாலும், 16 வாரம் தாண்டி, எல்லா டோஸும் முடிந்து இரண்டு வாரம் ஆன நாயாக வரட்டும். நாலு மாத நாய் நம்மிடம் ஒட்டாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நன்றாகவே ஒட்டும். அதுவரை பிள்ளைகள் அந்தக் குட்டியின் கழுத்துப் பட்டையை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அதையும் பிளீச்சில் நனைத்துக் காயவைத்து அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.