கொள்கையா, வயிறா?

ஐயா,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார். நாட்சம்பளத்தை 2,000 ரூபா ஆக்குவோம் என்ற கட்சிக்குத்தான் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு என்று ஒரே பிடியாக நிற்கிறார். எங்கள் சங்கத்து ஆளும் அந்தப் பட்டியலில்தான் கேட்கிறார். ஆனால் மேடையில் முஸ்லிம் சனங்களைக் கேவலமாக ஏசிய ஒருவரும் அதே பட்டியலில் இருக்கிறார். எனக்குக் கை போகவில்லை. கொள்கையைப் பார்ப்பதா, வயிற்றைப் பார்ப்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாதக் கடைசியில் கடைக்கடன் கட்ட வேண்டியவர் சம்பளத்தைப் பார்த்து வாக்குப் போடுவதில் ஒரு குறையும் இல்லை. படித்துவிட்டு லயத்தை விட்டு வந்தவர்கள்தான் அதை மட்டமாகப் பேசுவார்கள். ஆனால் வயிற்றைப் பார்ப்பதென்றால் கணக்கையும் முழுதாகப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். மாதத்தில் 2,000 ரூபாப்படி 15 பேர் விழுந்தால் 30,000. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்ன 1,750படி 20 பேர் விழுந்தால் 35,000. 2021இல் 1,000 ரூபா வந்தபோது கம்பனிகள் சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன்பின் பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோ கூடியது, எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம் மாதத்துக்கு எத்தனை நாள் வேலை, ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

அடுத்தது, 2,000இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? அந்த 1,750இல் 1,550தான் சம்பளம். மிச்சம் 200 அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. 1,550க்கு ஊழியர் சேமலாப நிதியாக அம்மாவிடம் 8 வீதம், அதாவது 124 ரூபா பிடிப்பார்கள். கம்பனி 12 வீதம், 186 ரூபா போட வேண்டும். கிலோவுக்கேற்ற ஊக்குவிப்புக் காசாகத் தொகையை ஊதிக் காட்டினால் சேமலாப நிதி அசையாது. வேலையை விட்டு நிற்கும் வயதை நெருங்கியவருக்கு அது பெரிய காசு.

சொல்பவருக்குக் கொடுக்கும் அதிகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். 2024 மே மாதம் 1,700 ரூபா வர்த்தமானியிலேயே வந்தது. கம்பனிகள் வழக்குப் போட, உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது 1,350தான். மேடையில் அறிவிப்பது சுலபம்.

இனி அந்தப் பட்டியல் விஷயம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பாராளுமன்றத் தேர்தலில் நீங்கள் போடும் முதல் புள்ளடி கட்சிக்கு. கட்சிகள் எடுத்த மொத்த வாக்கைப் பார்த்து ஆசனங்களைப் பிரித்த பிறகுதான், பட்டியலில் யார் உள்ளே போவது என்பதை, வேட்பாளர் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு முடிவுசெய்கிறது. மாவட்டத்தில் முதலாவதாக வரும் பட்டியலுக்கு ஒரு ஊக்க ஆசனமும் உண்டு. நாடு முழுவதும் எடுத்த வாக்குக்கேற்ப 29 தேசியப் பட்டியல் ஆசனங்களும் பிரிபடும். அம்மா சங்கத்து ஆளுக்கென்று போடும் வாக்கு, ஏசியவரின் பட்டியலையும் சேர்த்துத்தான் தூக்கிவிடும். அவருக்கு விருப்பு வாக்குப் போடவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது.

என் அபிப்பிராயம் கேட்டால், சம்பளக் கணக்கில் வித்தியாசம் சிறிதென்றால் அந்தப் பட்டியலை விட்டுவிடுங்கள். உண்மையாகவே பெரிதென்றால்கூட நான் விட்டுவிடுவேன். காரணம் நம் சொந்தச் சரித்திரம். 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. எஞ்சியவர்கள் எல்லாருக்கும் பிரசாவுரிமை கிடைக்க 1988, 2003 சட்டங்கள்வரை காத்திருந்தோம். சம்பளம் குறைந்தால் அடுத்த வருடம் போராடிக் கூட்டலாம். ஒரு சனத்தை வேண்டாதவர்களாக்கும் அரசியலுக்கு ஆசனம் கொடுத்தால், அது முஸ்லிம்களோடு மட்டும் நின்றுவிடும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

இதற்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துவைத்து மேலே உள்ள கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள். பிறகு வாக்கு அவருடையது. எந்தக் கட்சிக்குப் போட்டாலும் ஒரு புள்ளடி ஒரு கட்சிக்கு மட்டுமே. இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டே செல்லாது. விருப்பு இலக்கங்கள் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. நாலாவதும் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் அத்தனையும் போய்விடும்.