மூன்று வரிசை இருக்கை கொண்ட ஹைபிரிட் எஸ்யூவி பனிக்காலத்துக்குச் சரிவருமா?

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. வால்வோ எக்ஸ்சி90 காரின் பிளக்-இன் வகையில், அதாவது வெளியே செருகி சார்ஜ் ஏற்றும் வகையில், எஞ்சின் முன்சக்கரங்களை இழுக்கும், மோட்டார் பின்சக்கரங்களைத் தள்ளும். கடுங்குளிரில் பேட்டரி சுணங்கும், ஹீட்டர் வேறு மின்சாரத்தைத் தின்னும். ஆகவே பெட்ரோல் இல்லாமல் ஓடும் தூரம் குறையும். அதைச் சமாளித்துவிடலாம்.

உண்மையில் பார்க்க வேண்டியது டயரை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறதல்லவா? அதுபோல 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் விறைத்து, சாலையில் பதியாமல் வழுக்கும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளகியே இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ முத்திரை உள்ளதா என்று பாருங்கள். நான்கையும் மாற்றுங்கள், இரண்டு போதாது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

நாலு சக்கர இழுவை இருந்தால் பனியில் சட்டென்று நிற்கலாம் என்பது தவறு: அது கிளம்பத்தான் உதவும், பிரேக் எல்லாக் கார்களிலும் நாலு சக்கரத்தையும்தான் பிடிக்கிறது.