வாசகர் கேள்வி பதில்: சேணத்தில் ஏறத் தகுதி பெற்றவர் யார்?

நுவரெலியா வாசகர்: ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊர்த் திடலில் குதிரைப் பந்தயம் பார்த்துப் பழகியவன் நான். 1930களின் ஒலிம்பிக் குதிரையேற்றப் படங்களில் பெரும்பாலோர் இராணுவ உடையில் இருக்கிறார்களே, ஏன்?

பதில்: நுவரெலியாவில் நீங்கள் பார்ப்பது வேகத்துக்கான ஓட்டம். ஒலிம்பிக்கில் 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் இடம்பிடித்த குதிரையேற்றம் வேறு வகையானது. குதிரையைப் பணிய வைத்து நடத்திக் காட்டுவது, தடைகளைத் தாண்டுவது, இவற்றோடு காடுமேடு கடக்கும் நெடுந்தூர ஓட்டத்தையும் சேர்த்துப் பல நாட்கள் நடத்துவது என அதில் மூன்று பிரிவுகள் உண்டு. மூன்றாவது பிரிவு, படை அதிகாரியின் குதிரை அணிவகுப்புக்கும் போர்க்களத்துக்கும் ஒருங்கே ஏற்றதா எனச் சோதிக்கும் பரீட்சையிலிருந்து வந்ததாகும்.

விதிகளும் அதிகாரிகளின் பக்கமே இருந்தன. பிழைப்புக்காக விளையாடுவோருக்கு அப்போது ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆனால் சம்பளம் வாங்கினாலும் அதிகாரி கனவானாகக் கருதப்பட்டார். அதே படையின் சார்ஜன்டோ குதிரையால் பிழைப்பவர் என்று ஒதுக்கப்பட்டார். நம் தோட்டங்களில் துரை சவாரி போக, குதிரையைத் தேய்த்துக் கொள்ளு வைத்தவர் குதிரைக்காரர் அல்லவா? அதன் குணம் இருவரில் யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விதி எவ்வளவு அபத்தமானது என்பது 1948 ஒலிம்பிக்கை ஒட்டி அம்பலமானது. சுவீடன் தன் சார்ஜன்ட் கெனால் பெர்சனைப் போட்டிக்காகவே லெப்டினன்டாக உயர்த்தி, முடிந்ததும் பழைய பதவிக்கே இறக்கியது; விடயம் வெளிப்பட்டதும் அந்த அணியின் தங்கம் பறிக்கப்பட்டது. 1952இல் விதி தளர்ந்தபோது அதே பெர்சன் மீண்டும் தங்கம் வென்ற அணியில் இருந்தார். பெண்களுக்கும் அவ்வாண்டில்தான் வழி திறந்தது.

ஆயினும் அந்த அதிகாரிகளின் திறமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1936இல் பெர்லினில், நெடுந்தூர ஓட்டத்தின்போது விழுந்து காறை எலும்பு முறிந்த ஜெர்மானிய லெப்டினன்ட் வாங்கன்ஹைம், தான் விலகினால் அணியே பதக்கத்தை இழக்கும் என்பதால், மறுநாள் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு தடை தாண்ட வந்தார். அங்கும் குதிரை அவரோடு சாய்ந்தது. எழுந்து ஏறி, எஞ்சிய தடைகளையும் தாண்டி முடித்தார். 1932இல் லொஸ் ஏஞ்சலிஸில் தடை தாண்டலில் தங்கம் வென்ற ஜப்பானிய குதிரைப்படை அதிகாரி நிஷி, 1945இல் இவோ ஜிமாவில் இறந்தபோது தாங்கிப் படையணி ஒன்றின் தளபதியாக இருந்தார். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் குதிரைப்படைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா?

ஹட்டன் வாசகி: அக்கால ஆங்கிலேய மன்னர்களும் விழாக்களில் குதிரையேறினார்களா?

பதில்: ஏறினார்கள், ஆபத்தையும் சந்தித்தார்கள். ஐந்தாம் ஜோர்ஜ் 1915இல் பிரான்சில் படைகளைப் பார்வையிட்டபோது, வீரர்களின் ஆரவாரத்தில் மிரண்ட குதிரை அவர்மேல் சாய்ந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பின்னரும் அவர் பிறந்தநாள் அணிவகுப்புக்குக் குதிரையிலேயே சென்றார். எட்டாம் எட்வர்ட் 1936 ஜூலை 16 அன்று படைக்கொடிகளை வழங்கிவிட்டுக் குதிரையில் திரும்புகையில், கூட்டத்தில் ஒருவன் கைத்துப்பாக்கியை எடுத்தான். அது தட்டிவிடப்பட்டு வீதியில் விழ, மன்னர் சவாரியைத் தொடர்ந்தார். 1937 முடிசூட்டு விழாவிலோ ஆறாம் ஜோர்ஜ் எட்டுச் சாம்பல் நிறக் குதிரைகள் பூட்டிய பொன்வண்டியில் சென்றார்.

நமது கண்டியில் விழாவின் கம்பீரம் யானைக்கே உரியது. 1922இல் வேல்ஸ் இளவரசராக இதே எட்வர்ட் வந்தபோதும் அவருக்குக் காட்டப்பட்டது பெரஹராதான்.

பண்டாரவளை வாசகர்: இலங்கையில் குதிரைப்படை இருந்ததா?

பதில்: தொண்டர் படையாக இருந்தது. 1892இல் தொடங்கப்பட்டு, பின்னர் சிலோன் மவுன்டட் ரைபிள்ஸ் எனப் பெயர் மாறிய அப்படை 1938இல் கலைக்கப்பட்டது.