மனை விலைதான் வீட்டு விலை: வாசகர் கேள்வி – பதில்

சிமென்ட், கம்பி விலை ஏறியதால்தான் அடுக்குமாடி வீடுகள் இந்த விலைக்குப் போய்விட்டன என்கிறார் எங்கள் பகுதி பில்டர். உண்மையா?
– வாசகர், குரோம்பேட்டை

பாதிகூட உண்மை இல்லை. கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனை. உயரமில்லாத கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டில் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 2, ஆகவே 4,800 சதுர அடி கட்டலாம். மனை சதுர அடி 10,000 ரூபாய் என்றால், கட்டுகிற ஒவ்வொரு சதுர அடியின் தலையிலும் 5,000 ரூபாய் மனைச் செலவு ஏறுகிறது. மனை 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் அதே கட்டடத்தை எழுப்பினால் 1,000 ரூபாய்தான். கட்டுமானச் செலவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்று. உதாரணத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானச் செலவு மொத்தமும் 10 சதவீதம் ஏறினால் கூடுவது 250 ரூபாய். 10,000 ரூபாய் மனை 10 சதவீதம் ஏறினால் 500 ரூபாய்.

அப்படியானால் அதிக மாடி கட்ட அனுமதித்தால் விலை குறையாதா என்று கேட்கலாம். 2019இல் எஃப்.எஸ்.ஐ. 1.5இலிருந்து 2ஆக உயர்ந்தது. மேலே சொன்ன மனையில் சதுர அடிக்கு விழும் மனைச் செலவு 6,667இலிருந்து 5,000ஆகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் மனைக்காரருக்கும் கணக்குத் தெரியும். அந்தத் தெருவில் கட்டிமுடித்த வீடு என்ன விலைக்குப் போகிறதோ, அதில் கட்டுமானம், வட்டி, பில்டரின் லாபம் எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவதைத்தான் மனை விலையாகக் கேட்கிறார். மனையைக் கொடுத்து, பில்டர் கட்டும் வீடுகளில் பங்கு பெறும் கூட்டு ஒப்பந்தம் என்றால் தன் பங்கைக் கூட்டிக் கேட்கிறார். கூடுதலாகக் கட்டக் கிடைக்கும் பரப்பின் பலன் முதலில் போய்ச் சேருவது அவரிடம்தான். குடிநீர், பாதாளச் சாக்கடை, ரயில் வசதியோடு ஏராளமான மனைகள் ஒரே காலத்தில் சந்தைக்கு வந்தால்தான் அவர் இறங்கி வருவார். வரம்புக்கு மேல் கட்டுவதற்காகக் கட்டணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்கும் சாலை குறைந்தது 9 மீட்டர் அகலம் வேண்டும். வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய குடியிருப்புகளின் தெருக்கள் பலவும் அதைவிடக் குறுகல். தேவை மிகுந்த இடத்திலேயே வழி அடைபட்டுக் கிடக்கிறது.

நாடு முழுக்கக் காலி வீடுகள் கிடக்கின்றன என்று படித்தேன். பிறகு எப்படி வீட்டுப் பற்றாக்குறை?
– வாசகி, திருச்சி

இரண்டுமே உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புற இந்தியாவில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2012ஆம் ஆண்டுக்கான அரசின் தொழில்நுட்பக் குழு கணித்த நகர்ப்புறப் பற்றாக்குறையோ 1.88 கோடி. அந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் நலிந்த பிரிவினரும் குறைந்த வருமானக் குடும்பங்களும்தான். தெருவில் படுப்பவர்கள் அதில் சிறு பகுதி. பெரும்பகுதி, திருமணமான தம்பதிக்குத் தனி அறைகூட இல்லாமல் நெருக்கியடித்து வாழ்கிறவர்கள். புள்ளிவிவரத்தில் 'நெரிசல்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுகிற வாழ்க்கை இது.

பூட்டிக் கிடக்கும் வீடு அவர்கள் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது, அல்லது அவர்களுக்கு வேலை இல்லாத இடத்தில் இருக்கிறது. வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம்தான் வாடகை வரும் என்பதால், விலையேற்றத்துக்காகவே வாங்கியவர் வாடகைக்கு விடும் தொல்லையே வேண்டாம் என்று பூட்டிவைக்கிறார்.

சட்டம் எதை 'மலிவு வீடு' என்கிறது என்பதையும் பாருங்கள். 1 சதவீத ஜி.எஸ்.டி. சலுகைக்கு 2019இல் வைத்த வரம்பு 45 லட்சம் ரூபாய். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின்படி குறைந்த வருமானப் பிரிவின் உச்சவரம்பு ஆண்டுக்கு 6 லட்சம், அதாவது மாதம் 50,000. அதில் 40 சதவீதம், 20,000 ரூபாயைத் தவணையாகக் கட்ட முடியும் என்று வைத்தாலும் 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குக் கிடைக்கும் கடன் சுமார் 23 லட்சம். கைப்பணம் 10 சதவீதம் போட்டால் 25 அல்லது 26 லட்சத்துக்கு வீடு வாங்கலாம். 45 லட்ச வீடு அவருக்கு எப்படி மலிவாகும்? அவர் வாங்கக்கூடிய விலைக்குத் தனியார் கட்டமாட்டார்கள்; அரசு கட்டினால் சென்னைக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கம், கண்ணகி நகர் போல வேலையிடத்திலிருந்து வெகுதொலைவில் கட்டுகிறது. நகருக்குள் இருக்கும் அரசு நிலத்தில் வாடகைக் குடியிருப்புகள் கட்டாதவரை இந்தப் பள்ளம் தூராது.

60 லட்சத்துக்குப் புதிய அடுக்குமாடி வீடு. கையில் எவ்வளவு வேண்டும்?
– வாசகர், ஆவடி

30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி 80 சதவீதம்தான் தரலாம். உங்கள் பங்கு 12 லட்சம். முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 4.2 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடானால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்: 3 லட்சம். ஆக 19.2 லட்சம். தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டு மதிப்போடு சேர்த்து வங்கி கடன் கணக்கிடாது. மாதத் தவணை கட்டும் சம்பளம் இருந்தும் பலர் வாடகையிலேயே தங்கிவிடுவதற்கு இந்தத் தொகைதான் காரணம். விலையைக் கார்பெட் ஏரியாவால், அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரைப் பரப்பால், வகுத்துப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

வட்டி குறைந்தால் வீடு மலிவாகுமா?
– வாசகி, மதுரை

தவணை குறையும், விலை ஏறும். மாதம் 25,000 கட்டக்கூடியவருக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக 27.8 லட்சம் கிடைக்கும். 7 சதவீதத்தில் 32.2 லட்சம். எல்லார் கையிலும் நான்கரை லட்சம் கூடி, வீடுகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றால் அந்தப் பணம் மனை விலையாக மாறிவிடுகிறது.

வட்டி திரும்ப ஏறும்போது விலை இறங்குவதும் இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4இலிருந்து 6.5 சதவீதமானது. வங்கிகள் பெரும்பாலும் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. 7 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு வாங்கிய 30 லட்சம் கடனுக்குத் தவணை 23,259. வட்டி 9 ஆனபின்னும் அதையே கட்டினால் கடன் முடிய 38 ஆண்டு ஆகும். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்வுசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. காலத்தை நீட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.