மெட்ரோ பக்கத்தில் வாடகை வீடு: சென்னையில் தேடுவோருக்குப் பதில்கள்

கேள்வி: வேலை கிண்டியில். நங்கநல்லூரில் மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடையில் வீடு இருப்பதாகப் புரோக்கர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: கிண்டியில் மெட்ரோவும் மின்சார ரயிலும் நிற்பதால் தாம்பரம், குரோம்பேட்டை வரை நீங்கள் தாராளமாகத் தேடலாம். நீல, பச்சைத் தடங்கள் சந்திக்கும் ஆலந்தூரில் குடியிருந்தால், நாளை வேலை கோயம்பேட்டுக்கோ அண்ணா சாலைக்கோ மாறினாலும் வீடு மாற்ற நேராது. நங்கநல்லூரைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். நங்கநல்லூர் ரோடு மெட்ரோ நிலையம் இருப்பது ஜி.எஸ்.டி. சாலையில், ஊரோ தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். இடையிலுள்ள சுரங்கப்பாதையில் பெருமழையின்போது தண்ணீர் நின்றுவிட்டால், புரோக்கர் சொன்ன ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன், இரவு ஒன்பது மணிக்கு நிலையத்தில் இறங்கி வீட்டு வாசல்வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டப்படி சரியா?

பதில்: 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் அது செல்லும். எனவே கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம்.

கேள்வி: நான் வீட்டுக்காரன். முன்பு குடியிருந்தவர் நான்கு மாத வாடகையும் மின்கட்டணமும் பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டார். மூன்று மாத அட்வான்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் நஷ்டம் உண்மையானது, ஐயா, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை அடுத்து வருபவர் தலையில் கட்டக்கூடாது. முப்பதாயிரம் ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் மூன்று லட்சம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யுங்கள். வாடகை பாக்கி விழுந்தால் வீட்டை மீட்கும் வழியை அந்தச் சட்டமே தருகிறது. அதே சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பதாக இருந்தால் அதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் எழும் சண்டைகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: சட்டம் பேசினால் வீடே கிடைக்காதே?

பதில்: சண்டையாகப் பேசினால் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு இறங்கி வருவார்களா என்று கேளுங்கள். நான் உடன்போன பல இடங்களில் இறங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: சிறுசேரிக்கு மெட்ரோ வரப்போகிறதே, இப்போதே அங்கே போகலாமா?

பதில்: இன்று ஓடுகிற ரயிலுக்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

கேள்வி: நங்கநல்லூர் நல்ல இடமா?

பதில்: முதல் பதிலிலேயே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் பறக்கும் ரயிலுக்கு அருகே தரைத்தளம் மலிவாக வருகிறதே?

பதில்: 2015 வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டாரையும் முனைக் கடைக்காரரையும் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மாடியில் கிடைத்தால் ஆயிரம் ரூபாய் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நிலையத்திலிருந்து ஒருமுறை நடந்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு வருமான வரிச் சலுகை?

பதில்: உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: படம் அனுப்பிவிட்டு டோக்கன் பணம் கேட்கிறார்கள்.

பதில்: சாவி போட்டுக் கதவைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.