டுபாய்க்குப் போற கொம்பனிப் பேப்பர்

கேள்வி: அண்ணை, கிளிநொச்சியில எங்கட பனங்கட்டிக் கொம்பனிக்கு டுபாயில கிளை திறக்கப்போறம், பதிவுச் சான்றிதழின்ர போட்டோகொப்பி அனுப்பினன், ஏலாதெண்டிட்டினம். என்ன செய்யிறது?

பதில்: தம்பி, வெறும் கொப்பி செல்லாது. முதல்ல கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில சான்றிதழுக்கும், கொம்பனி எப்பிடி நடக்கோணும் எண்டு சொல்லுற அமைப்பு விதிகளுக்கும் உறுதிப்படுத்தின பிரதி எடுங்கோ, பிறகு எங்கட வெளிநாட்டமைச்சில இப்பிடியான பேப்பருகளை உறுதிப்படுத்திற கொன்சியூலர் பிரிவில அத்தாட்சி, அதுக்குப் பிறகுதான் கொழும்பில இருக்கிற எமிரேட்ஸ் தூதரகச் சீல், கடைசியா எமிரேட்ஸின்ர வெளிநாட்டமைச்சு, இந்த வரிசையை மாத்தாதேங்கோ. கொன்சியூலர் கிளை யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, ஆனா உங்கட பேப்பரை அங்க எடுப்பினமோ எண்டு போனில கேட்டிட்டு பஸ் ஏறுங்கோ. இன்னொண்டு, ஸ்கான் பண்ணவெண்டு ஸ்டேப்ளர் பின்னைக் கழட்டிப்போடாதேங்கோ, சீல் ரெண்டு தாளிலயும் பாதி பாதியா விழுந்திருந்தா கழட்டின பேப்பரைச் சந்தேகமாப் பாப்பினம்.