பத்து நாற்காலியைத் தையுங்கள், ‘ஒற்றுமை’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். கணவர் யூதர். எங்கள் சினகாகில் (யூதர் வழிபாட்டுக்கூடம்) 120 குடும்பங்கள். முன்கூடச் சுவருக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு கலைப்படைப்பு செய்வது, அதில் சபையின் விழுமியங்கள் தெரிய வேண்டும் என்று முடிவானது. “உனக்குத்தான் வரைய வருமே” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் ஆளுக்கொரு யோசனை. எங்கிருந்து தொடங்க?

பதில்: முதலில், “நம் விழுமியங்கள் என்ன?” என்று கேட்டு யாருக்கும் படிவம் அனுப்பாதீர்கள். அமைதி, நீதி, அன்பு, ஒற்றுமை என்று நான்கு சொற்கள்தான் திரும்பி வரும். அவற்றைச் சுவரில் மாட்டினால் வங்கி விளம்பரம் மாதிரி இருக்கும். “இந்தச் சபையில் யாரோ உங்களுக்குச் செய்த, இன்றும் மறக்காத ஒரு காரியம் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். துக்க வீட்டில் ஏழு நாள் ஷிவா இருந்தபோது வாசலில் யாரோ வைத்துப்போன பருப்பு சூப் வரும். இறந்த அப்பாவுக்காகக் காதிஷ் என்ற பிரார்த்தனை சொல்லக் காத்திருந்த காலையில், பனியில் வண்டி ஓட்டிவந்த பத்தாவது ஆள் வருவார். பத்துப் பேர் கூடினால்தான் மின்யான் என்ற வழிபாட்டுக் குழு, மின்யான் இருந்தால்தான் காதிஷ். அதையே படமாக்குங்கள்: பத்து நாற்காலி, ஒன்று காலி. சினகாகில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், ஸ்கெட்ச் போடுவதற்கு முன்பே சபையின் மதகுருவான ரப்பியிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். யூதக் கலையில் மனித உருவமே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். சிரியாவின் துரா யூரோப்பஸ் சினகாகில், 3ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் மோசேயும் எஸ்தரும் முகத்தோடு நிற்கிறார்கள். மாறாக, ஜெருசலேம் ஹதாசா மருத்துவமனைக்கு ஓவியர் மார்க் சாகால் செய்த 12 கண்ணாடி ஜன்னல்களில் ஒரு மனித உருவமும் இல்லை. ஆக, வழக்கம் சபைக்குச் சபை மாறும். கடவுளின் நான்கெழுத்துப் பெயரை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். அது எழுதிய துணியையோ தாளையோ குப்பையில் போட முடியாது, ஒதுக்கிவைத்துப் புதைக்க வேண்டும். இன்னொன்று, தைப்பது, எழுதுவது, சாயமேற்றுவது மூன்றும் சனிக்கிழமை ஓய்வுநாளான சப்பாத்தில் விலக்கிய 39 வேலைகளில் சேரும். பட்டறையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் செய்வது? என் ஓட்டு துணிக்கு. உங்கள் மாநிலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மில்பர்ன் ஊரின் பினெய் இஸ்ரவேல் சபை, 1950களின் தொடக்கத்தில் தோரா என்ற வேதச் சுருள் வைக்கும் பேழைக்கான திரையை ஓவியர் அடால்ஃப் காட்லீபிடம் வடிவமைக்கச் சொன்னது. தைத்தவர்கள் சபையின் பெண்கள். வடிவம் ஒருவர் கண், வேலை பலர் கை. எல்லோரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற படைப்பு பழைய துணி மூட்டை மாதிரி ஆகிவிடும். வடிவத்தை நீங்களே தீர்மானியுங்கள், கூச்சமே வேண்டாம்.

ஆளுக்கொரு சதுரம். ஆறரை அங்குலமாக வெட்டி, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் ஆறு அங்குலம் தெரியும். குறுக்கே 12, கீழ்வாக்கில் 10 என்று அடுக்கினால் ஆறடிக்கு ஐந்தடி. பருத்தித் துணியை முதலில் வெந்நீரில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் சிவப்பும் நீலமும் பிறகு பக்கத்துச் சதுரத்தில் ஏறும். ஒரே ஐந்து நிறத் துண்டுகளைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள். பேனா மட்டும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் எல்லோரும் வாசகம் எழுதிவிடுவார்கள். தைக்கத் தெரியாதவர்களுக்குத் துணியை வெட்டி இஸ்திரியால் ஒட்டும் பசைத்தாள் போதும். கொஞ்சம் அதிகமாக, 135 சதுரம் வெட்டுங்கள். சிலர் தொலைப்பார்கள், சிலர் தரவே மாட்டார்கள், கடைசி வாரத்தில் ஒருவர் மூன்று செய்து கொண்டுவருவார். வழிபாட்டுக்கு எழுப்பிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு மக்கள் கொண்டுவந்து குவித்தது மிஞ்சிப்போய், “போதும், நிறுத்துங்கள்” என்று மோசேயே அறிவித்ததாக பைபிளின் யாத்திராகமம் சொல்கிறது. நீங்களும் ஒரு கடைசித் தேதி வையுங்கள்.

வந்த சதுரங்களைத் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எந்த மூலை இருட்டாகக் கனக்கிறது என்பது அப்போது தெரியும். இடம் மாற்ற ஒரு மாலை முழுக்க ஆகும், ஆகட்டும்.

எபிரேய எழுத்து வைத்தால், வெட்டுவதற்கு முன் படிக்கத் தெரிந்த இருவரிடம் காட்டுங்கள். பட்ட அனுபவம் இது. ஒரு சபைக்கு ‘ஷாலோம்’ என்று பெரிதாக வெட்டினேன். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதுவது, கணினி எழுத்துகளை இடமிருந்து வலமாகத் திருப்பிப் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. சொல்லின் கடைசியில் மட்டும் வரும் மூடிய ‘மேம்’ என்ற எழுத்து முதலில் வந்து நின்றது. கண்டுபிடித்தது எட்டு வயதுச் சிறுமி.

பெயர்கள் பற்றிச் சண்டை வரும், அதிகம் பணம் கொடுத்தவர் பெரிய எழுத்து கேட்பார். இஸ்ரேலின் பேத் அல்பா சினகாகில் 6ஆம் நூற்றாண்டுத் தரைச் சித்திரத்தின் நுழைவாயிலில் மரியானோஸ், அவர் மகன் ஹனினா என்ற கைவினைஞர் இருவர் பெயர் இருக்கிறது. வேலை செய்தவர் பெயருக்கு அது போதுமான முன்மாதிரி. சதுரம் தைத்த அத்தனை பேரையும் பின்புற அஸ்தர் துணியில் ஒரே அளவில் எழுதுங்கள். கம்பு நுழைக்கிற பட்டியை மேல் விளிம்பில் பின்பக்கமாகத் தைத்துவிடுங்கள், வெயில் நேராக விழாத சுவராகப் பாருங்கள்.